ஆப்பசோடாவில் கழுவிய பிலிம்

டீத்தண்ணீரில் பிலிம் கழுவலாம் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், பால் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பார்கள். இதை என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால் சேர்க்காமல்தான் ஐயா. சர்க்கரையும் கிடையாது. கறுப்பாகக் கொதிக்கவிட்ட டீ, துணி துவைக்கிற வாஷிங் சோடா, வைட்டமின் சி மாத்திரையை இடித்த பொடி. மூன்றையும் கலந்து, பிலிமை அதில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுக்கும். வாடை குடலைப் புரட்டும், ஆனால் படம் வரும்.

நான் இதில் ஆசைப்பட்டு இறங்கவில்லை. ஆத்திரப்பட்டுத்தான் இறங்கினேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஓவியக் கல்லூரியில் போட்டோகிராபி படித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருட்டறை என்று ஒன்று இருந்தது. படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் இருந்தது, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது, உறையின்மேல் தூசி இருந்தது. பிலிமைக் கழுவுகிற டெவலப்பர் மட்டும் இருக்காது. எங்கள் விரிவுரையாளரிடம் போய்க் கேட்டால், "ஆர்டர் இட்டிட்டுண்டு, வரும்," என்பார். முதல் வருடமும் அதைத்தான் சொன்னார், கடைசி வருடமும் அதைத்தான் சொன்னார். போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும், பிலிமெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒருநாள் வகுப்பில் வைத்தே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அப்பாவுக்கு டீக்கடை. அப்பா டீ போடுவார், அம்மா போண்டாவும் பழம்பொரியும் போடுவாள். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு இங்கே வந்தவர்கள். நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் இந்த ஊரில்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் பாண்டி, தமிழர்களை இங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள். கல்லூரியில் கொஞ்சம் மரியாதை கூடிப் போய், "நாட்டில் எவிடெயா?" என்று சொந்த ஊரைக் கேட்பார்கள். எவிடெயா என்றால் இவிடெத்தான். உங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால்தான்.

முதலில் நீலப் பிரிண்ட் போட ஆரம்பித்தேன். இரும்பு உப்புத் தடவிய காகிதத்தில் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் படம் நீலமாக விழும். எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஒரு கையால் காக்காயை விரட்டிக்கொண்டே போடுவேன். எல்லாம் நீலமாக இருந்து சலித்துப் போனதால் ஒரு பிரிண்டைக் கடையில் மிச்சமிருந்த டீத்தண்ணீரில் முக்கினேன். நீலம் போய்ப் பழுப்பும் கறுப்புமாக வந்து நின்றது. பிறகு டீத்தூள் டப்பாவில் ஊசித் துளை போட்டு ஒரு கேமரா செய்தேன். ஒரே பிலிமை இரண்டு தடவை ஓட்டி, பஸ்ஸுக்குள் கடல் நிற்கிற மாதிரி எடுத்தேன். கடைசியில் பிலிமையே டீயில் கழுவினேன். நெகட்டிவ் பழுப்பேறி, ஆனால் முகமெல்லாம் மிருதுவாக வந்தது. குதித்துக்கொண்டு கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் விரிவுரையாளர் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது போட்டோகிராபியாணோ, சாயக்கடையாணோ?" என்றார்.

வகுப்பே சிரித்தது. சரி, சாயக்கடை என்கிற டீக்கடைதான், அந்தச் சாயக்கடையிலேயே செய்து காட்டுகிறேன் என்று அன்றைக்கு மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கடைசி வருடத் தேர்வுக்கு வைக்கிற வேலை முழுவதும் அப்பாவின் டீயில்தான் என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அவர் அளவுக்கரண்டி வைத்துக்கொண்டதில்லை. வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தபடியே, வேறு எதையாவது பேசியபடியே, கை தானாகப் போய்த் தூளை அள்ளும், சர்க்கரையை அள்ளும். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒருநாளும் சர்க்கரை போட்டுக் கொடுத்ததில்லை. அம்மாவின் போண்டா மாவுக்குச் சோடா போடுவதும் அவர்தான். இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார், பார்க்கவே மாட்டார். "கைக்குத் தெரியும்," என்பார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடிய ஒரே விஷயம் இதுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், சொந்த ஊரில் ஒரு செண்டு நிலம் கிடையாது, மலையாளம் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வரும். கை மட்டும் தப்பாது.

கடையில் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. நீல மூடி போட்டதில் ஆப்பசோடா, போண்டாவுக்கு. சிவப்பு மூடி போட்டதில் வாஷிங் சோடா. டீ வடிகட்டுகிற துணிப் பையையும் எண்ணெய்ச் சட்டியையும் வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவுவார்கள். இரண்டும் வெள்ளைப் பொடி. என் பிலிமுக்கு வேண்டியது சிவப்பு மூடி. ஆப்பசோடா போண்டாவை உப்பவைக்கும், பிலிமைக் கறுக்கவைக்கிற அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது.

அந்த வருடம் தேர்வுக்கு நான் எடுக்க நினைத்தது பொங்காலை. ஆற்றுக்கால் அம்மனுக்கு ஊர் முழுக்கப் பெண்கள் தெருவில் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுகிற நாள். கிழக்கேகோட்டை ரோட்டில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது. மூன்று செங்கல் ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஒரு பெண், அப்படியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அம்மா கடை வாசலிலேயே பொங்கலிடுவாள். வருடத்தில் ஒரே ஒரு நாள், அதிலும் புகை கண்ணை மறைக்காத சில நிமிடங்கள்தான் கிடைக்கும். விட்டால் அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் நான் கல்லூரியில் இருக்க மாட்டேன்.

முந்தின நாளே கடையைக் கழுவி ஒழித்துவிட்டோம். அப்பா தெருப் பெண்களுக்கெல்லாம் செங்கல் சுமந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அடுப்புகள் எரிய ஆரம்பித்ததும் நான் கல்லூரிக் கேமராவோடு இறங்கினேன். ஒரே ஒரு சுருள், முப்பத்தாறு படம். அம்மா புதுப்பானையில் அரிசியும் வெல்லமும் போட்டுக் கிண்டிக்கொண்டே, புகையில் கண்ணீர் வழிய என்னைத் திட்டினாள்.

"ஏட்டி, மூஞ்சிக்கு நேரா கொண்டு வராதே. பொங்குத நேரத்துல ஒங்கூட மல்லுக்கட்ட முடியாது."

"நீ பாட்டுக்குப் பொங்கு. என்னைப் பாக்காதே. என்ன வேண்டிக்கிட்ட?"

"இந்தப் போட்டோக் கிறுக்கு தெளிஞ்சு, நீ ஒரு நல்ல வேலைக்குப் போவணும்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, பின்னால் தெரு நீளத்துக்குப் புகை. அந்த நொடியில் அழுத்தினேன். இது ஒன்று போதும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ரோடு கழுவுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் கடை திறக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே டீ கொதிக்கவைத்தேன். சாமான் அறையில் இருட்டில் சுருளை, வெளிச்சம் புகாத பிலிம் டேங்கில் மாட்டினேன். சிவப்பு மூடியைத் திறந்து பொடியைப் போட்டேன், மாத்திரைப் பொடியைப் போட்டேன். வழக்கமாகக் கொஞ்சம் நுரைக்கும். அன்றைக்குப் பொங்கி வழிந்தது. பார்த்தேன். பார்த்தும், பொங்காலைக்கு மறுநாள் அல்லவா, பொங்கட்டும் என்று தமாஷாக நினைத்துக்கொண்டு மேலே போனேன். அந்த இடத்தில் நின்று யோசித்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

கழுவி எடுத்த பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி கிடந்தது. உற்றுப் பார்த்தால், மூச்சுவிட்ட கண்ணாடியில் தெரிகிற அளவுக்கு ஏதோ ஒரு மங்கல். அவ்வளவுதான். முப்பத்தாறும் அப்படியே. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிலிமைப் பார்த்தாள்.

"அம்மன் இவ்வளவு சீக்கிரம் கேப்பான்னு நான் நெனைக்கலட்டி," என்றாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். அழுகிற பிள்ளையைச் சிரிக்கவைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆனது. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காரணம் அடுத்த நாள் காலையில் தெரிந்தது. கடை திறந்து முதல் ஈடு போண்டா எடுத்தார்கள். உருண்டையெல்லாம் செம்மண் நிறம். வழக்கமாக வருகிற டிரைவர் ஒருவர் கடித்துவிட்டு, தெருவில் போய்த் துப்பிவிட்டு வந்தார். "அண்ணாச்சீ, இதில் சோப்பாணோ போட்டது?" அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அப்படியே நீல மூடி ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சிவப்பு மூடி. போண்டா முழுவதையும் வாரிக் குப்பையில் கொட்டினார். நான் கல்லூரிக்குப் போகப் பையோடு வந்து நின்றபோது அவரே என்னிடம் வந்து சொன்னார்.

"மக்ளே, மூடி ரெண்டும் மாறிக் கெடந்திருக்கு. நான்தான் மாத்தி வெச்சிருப்பேன். ஒன் பிலிம் அதனாலதான் கெட்டுப் போச்சோ என்னவோ."

ஒளிக்கத் தெரியாத மனிதர். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கடையில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பையைக் கீழே போட்டேன்.

"ஒரு வருஷம்பா. ஒரு வருஷத்துக்கு ஒரு நாளு. ரெண்டு மூடிக்கு வித்தியாசம் தெரியாதா ஒங்களுக்கு? செவப்பு எது, நீலம் எதுன்னு கொழந்தைக்குத் தெரியும். கண்ணு போச்சுன்னா கண்ணாடி போடுங்க. கை போச்சுன்னா கடைய மூடுங்க. கைக்குத் தெரியும், கைக்குத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு... என்ன தெரியும் ஒங்க கைக்கு?"

யாரும் டீயை உறிஞ்சவில்லை. அப்பா துண்டால் கையைத் துடைத்தார். "சாரமில்ல மக்ளே, சாரமில்ல," என்றார். பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்தினேன். காலையில் எனக்கென்று டீ போட்டு மேஜைமேல் வைப்பார். நான் தொட மாட்டேன், ஆறிப்போய் ஆடை கட்டும். கல்லூரி இருட்டறையில், மூத்த மாணவர்கள் விட்டுப்போன கொஞ்சம் கெமிக்கலை வைத்து அந்த நெகட்டிவைப் பிரிண்ட் போடப் பார்த்தேன். அழுத்தமான காகிதம், நீண்ட நேரம், குறைந்த நேரம், எல்லாம் செய்தேன். சாம்பல் பூசிய காகிதம்தான் கிடைத்தது. எங்கள் விரிவுரையாளர் வந்து எட்டிப் பார்த்து, "பால் கூடிப்போயோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்மேல் வந்த ஆத்திரத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் கணக்கிலேயே எழுதினேன்.

கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு மார்க்கர் பேனாவும் வெள்ளை ஒட்டுத்தாளும் வாங்கிவந்து இரண்டு ஜாடியிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினார். சரி, அது நியாயம். மறுநாள் பார்த்தால் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதியிருந்தது. அதற்கு மறுநாள் உப்பு, டீத்தூள், ஏலக்காய், ரவை. கண்ணாடி வழியாகவே உள்ளே இருப்பது தெரிகிற பாட்டிலில்கூட எழுதி ஒட்டியிருந்தார். "அண்ணாச்சி, கிளாஸ்ஸில் கிளாஸ் எந்நு எழுதியில்லே?" என்று டிரைவர்கள் கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மாவுக்குச் சோடா போடும் வேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். சர்க்கரை போடாத டீயை ஆளிடம் கொடுப்பதற்கு முன்னால், கொஞ்சம் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு நாளும் செய்யாத காரியம். அந்தக் கை தயங்க ஆரம்பித்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன், நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, கடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று பிலிமை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் மாறியிருக்கவில்லை. வெறுத்துப் போய் வீசினேன். டிரம்முக்கு முட்டுக் கொடுக்க, அம்மா பொங்கலிட்ட அடுப்பின் மூன்று செங்கலை அப்பா எடுத்து வைத்திருந்தார். ஊரில் மற்றவர்களின் கல்லையெல்லாம் ஏழைகளுக்கு வீடு கட்டக் கார்ப்பரேஷன் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இந்த மூன்று மட்டும் கரி பிடித்த பக்கம் வெளியே தெரிய நின்றன. பிலிம் அதன்மேல் போய் விழுந்தது. சாய்வாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன்.

அம்மா சிரித்தாள். கரிக்குமேல், விரல் நகத்தளவு, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

மந்திரமெல்லாம் இல்லை. மிகவும் மெலிந்த நெகட்டிவைக் கறுப்பின்மேல் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினால், அதிலுள்ள கொஞ்சூண்டு வெள்ளி வெளுப்பாகத் தெரியும், நெகட்டிவே படமாகிவிடும். நன்றாகக் கழுவிய பிலிம் இப்படித் தெரியாது, கெட்டுப்போனதால்தான் தெரிந்தது. ஒவ்வொரு படமாகக் கரிமேல் நகர்த்திப் பார்த்துக்கொண்டே சுருளின் தொடக்கத்துக்குப் போனேன்.

முதல் படம் பொங்காலைக்கு முந்தின நாள் மாலையில் எடுத்தது. அதை எடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. கடை வாசல். வெளியே தெருவில் அப்பா, தலையில் நான்கு செங்கல், கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. இந்தப் பக்கம் மேஜைமேல் இரண்டு ஜாடிகள். கழுவித் துடைத்து, பொடி நிரப்பி, மூடி போடாமல் இருக்கின்றன. மூடிகள் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றோடு என் கேமரா லென்ஸின் மூடியும் கிடக்கிறது.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஜாடிகளைக் கழுவியது நான். அப்பா கல் சுமந்துகொண்டிருந்ததால் அம்மா என்னைக் கழுவச் சொன்னாள், பொங்காலை அவசரத்தில் அவளுக்கும் அது மறந்துபோயிருக்கும். பாக்கெட்டைப் பிரித்து நிரப்பியதும் நான்தான். நிமிர்ந்தபோது வாசலில் அப்பா கல்லோடு போனார், வெளிச்சம் நன்றாக இருந்தது, கேமராவை எடுத்து அழுத்தினேன். அழுத்திவிட்டு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு மூடியையும் கைக்கு வந்தபடி போட்டுத் திருகினேன். என் கைக்குத்தான் தெரியவில்லை.

அப்போதே கடைக்குள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம். அப்பா உள்ளே ஒரு டீயை நாக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிலிமைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். தேர்வு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சமாதானம். உண்மை அது இல்லை. அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசிவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமாக இருந்தவரைக்கும் வசதியாக இருந்தது. அதனால் கோபமாகவே இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஆறிப்போன டீயைத் தாண்டிக்கொண்டு போனேன்.

தேர்வு நாளன்று மூன்று செங்கலையும் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "அது வீடு கட்டுத கல்லுட்டி, அதையுமா தூக்கிட்டுப் போற?" என்று அம்மா கத்தினாள். ஆறு படங்களை வெட்டி, கல்லுக்கு இரண்டாகக் கரிமேல் வைத்து, பக்கத்தில் ஒரு மேஜை விளக்கைச் சாய்த்து வைத்தேன். அப்பாவை எடுத்த முதல் படத்தை மட்டும் வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் குனிந்து முகத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும், அடுப்பு ஊதுகிற மாதிரி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்தார். குனிந்தவர் நீண்ட நேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்து, பிலிமை இப்படி மெலிய வைத்தது தெரிந்தே செய்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் விரிவுரையாளர் முந்திக்கொண்டார். "ஞானாணு பறஞ்ஞது, எக்ஸ்பெரிமெண்ட் செய்யான்." அவர்தான் செய்யச் சொன்னாராம். முகர்ந்து பார்த்த மூக்கு, பால் கூடிப்போச்சா என்று கேட்ட வாய். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரும் சொல்லல," என்றேன். அப்புறம் மலையாளத்தில், நிறுத்தி நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வாஷிங் சோடாவுக்குப் பதில் ஆப்பசோடா போட்டால் பிலிம் மெலியும் என்று தெரிந்தேதான் போட்டேன், ஜாடியை மாற்றியது நான்தான், வேண்டுமென்றே மாற்றினேன், கரிமேல் வைப்பதற்காகத் திட்டமிட்டுச் செய்தேன். பொய் அப்படிச் சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. தேர்வாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் ஜெயித்த முகத்தோடு வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே பெரிய பிளாஸ்கைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். தேர்வுக்கு வந்திருப்பவர்களுக்கு டீ கொண்டுவந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. பேசாத பிள்ளையின் கல்லூரிக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தானாக வந்திருக்கிறார்.

எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு நானும் அவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். செங்கல் பையை அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் பேச்செடுத்தார். அவர் முகம் அத்தனை நாளில் இல்லாத தெளிவாக இருந்தது.

"அப்போ நான் ஒண்ணும் கெடுக்கலியே மக்ளே? நீயே தெரிஞ்சுதான் மாத்துனியா? என் கை மாத்தலல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"ஒங்க கை மாத்தலப்பா. ஆனா நான் தெரிஞ்சும் மாத்தல. அங்க சொன்னது பொய். அன்னைக்கு டப்பா கழுவி நெறச்சது நான். கேமராவப் பாத்துக்கிட்டே மூடியத் தப்பாப் போட்டுட்டேன். மொதப் படத்துல இருக்கு."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"இருவது நாளாச்சு."

அவர் நின்றுவிட்டார். செங்கல் பையைக் கீழே வைத்தார்.

"இருவது நாளா?" என்றார். குரல் உயரவில்லை. "இருவது நாளா நான் உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதி ஒட்டிட்டுக் கெடந்தேன். நீ பாத்துட்டுத்தானட்டி இருந்த?"

எப்போதும் மக்ளே என்றே கூப்பிடுகிற என் அப்பா என்னை 'ட்டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறி முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். நான் செங்கலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போனபோது அவர் டப்பாக்களிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை, ரவை, ஏலக்காய், எல்லாவற்றையும் வரிசையாக, நகத்தால் சுரண்டி. கடைசியாக இரண்டு ஜாடிகள். பிறகு ஒரு டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, பார்க்காமல், நீல மூடியைத் திறந்து இரண்டு விரலால் கிள்ளி அம்மாவின் மாவில் போட்டார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு மாவைப் பிசைந்தாள்.

நான் மேஜை அருகே போய் நின்றேன். வழக்கமாக என் டீ இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் கொடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறுப்பு டீயைக் கரண்டியால் காட்டினார்.

"பிலிம் கழுவணும்னா எடுத்துக்கோ," என்றார். "குடிக்கதுக்கு இல்ல."